தாய்மரமாக நான் குறித்துவைத்த மச்சினன்

குருத்தணு (வேறு வகை அணுவாக மாறக்கூடிய இளம் அணு) என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்த்ததும், கொய்யாவுக்கு ஒட்டுக் கட்டுவதைப் போன்ற வேலை என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். ஆயக்குடியில் தோப்பு வைத்திருப்பவன் வேறெப்படி நம்புவான்? ஒட்டுக்குக் குருத்து வேண்டும். குருத்துக்குத் தாய்மரம் வேண்டும். என் கைக்கான தாய்மரமாக மனைவியின் தம்பி முருகேசனைக் குறித்துவைத்தேன். கொய்யாப் பெட்டியை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன்.

முதலில், நான் விழுந்த கதை. நாய்க்கு வழிவிட்டு மொபெட்டோடு வாய்க்காலில் சாய்ந்தேன். வலது மேல்கை எலும்பு முறிந்தது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட பிறகுதான் கவனித்தேன்: கையை நீட்டினால் மணிக்கட்டு வாடிய இலைபோலத் தொங்கியது. ஆரை நரம்பு (மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது) அடிபட்டிருந்தது.

கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரி கையில் நிற்கவில்லை. சோறு வாய்க்கு வருமுன் கவிழ்ந்தது. வெளியே எல்லோரிடமும் கேலி பேசினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ‘எந்திரி சாமி, எந்திரி’ என்று என் கையையே கெஞ்சினேன்.

அந்த நாள்களில்தான் குருத்தணுச் செய்தி கண்ணில் பட்டது. தோப்பின் முதல் செங்காய்கள் முருகேசனுக்குப் போகத் தொடங்கின.

“ஏனுங்க மாமா, பத்து நாளா என்ற கையவே பாக்கறீங்க. ஏதாச்சும் கோவமுங்களா?”

“உடம்பப் பாத்துக்க மாப்ள. வெயில்ல அலையாத.”

என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “டேய், வெட்டப்போற ஆட்டுக்குத் தண்ணி தெளிக்கற மாதிரியே இருக்குது. சூதானமா இரு.”

திண்டுக்கல் நரம்பு டாக்டரம்மாவிடம் அவனையும் அழைத்துப்போனேன். “குருத்து தயாருங்க” என்று அவனைக் காட்டினேன். என் திட்டத்தை விளக்கிச் சொன்னதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“நரம்பு வளந்து வந்து சேர லேட்டாச்சுன்னா தசை சூம்பிரும். அதுவரைக்கும் தசையைக் காப்பாத்த இந்த அணுக்கள் உதவுமான்னு ஆராய்ச்சி நடக்குது. பெரும்பாலும் எலிங்கள வச்சுத்தான். உங்க கைக்கு வைத்தியமா இன்னும் வரல. இப்பவே ஊசி போடுறோம்னு யாராச்சும் கூப்பிட்டா போயிராதீங்க.”

“அப்ப என் கை?”

“நரம்பு அறுந்திருக்காதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா தானா வளரும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கா. வளராமலும் போகலாம். நாலு மாசம் பாப்போம். அசையலேன்னா ஆபரேஷன்.”

திரும்பும் பேருந்தில் முருகேசன் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் நெருங்கும்போது, “கேட்டிருந்தா குடுத்திருப்பேனுங்க மாமா” என்றான்.

மணிக்கட்டு தொங்காமலிருக்க ஆஸ்பத்திரியில் தாங்குகட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். தினமும் காலையில் முருகேசன் வந்து அதைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டான். பூ, பிஞ்சு, காய் என்று காலத்தை எண்ணிப் பழகியவன் நான். ஒரு கொய்யா விதையின் நீளத்தைத் தாண்ட என் நரம்புக்கு மூன்று நாள். இதே காத்திருப்பில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மூன்று நாளும் உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கையை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காம் மாதம் ஒரு காலை, அவன் உள்ளங்கையில் கிடந்த என் கை ஒரு விரற்கடை உயர்ந்தது. அவன் பதறிவிட்டான்.

“மாமா, நான் தூக்கலீங்க.”

இப்போது கத்தரி பிடிக்கிறேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் முழுதாக விரியவில்லை. குருத்தணு எதுவும் என் உடம்புக்குள் போகவில்லை. நரம்பு தானாக வளர்ந்தது.