படலையில் கட்டிய வேப்பிலை

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வைக்க ஒரு கிழமை இருந்தது. தர்மபுரத்தில் மாரி மழை. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இருமல். இரண்டு மாதம் முடியாமல் பிள்ளைக்கு முதலாவது ஊசி போடமாட்டார்கள். அதுவரை சுற்றியிருப்பவர்கள் போட்ட ஊசிதான் அவனுக்கும் காவல் என்று சொல்லிவிட்டுப் போனார், வீட்டுக்கு வந்த மருத்துவமாது. கக்குவான் இருமல் தொற்றினால் இந்த வயதில் மூச்சே நின்றுபோகக்கூடுமாம்.

நான் பல்கலைக்கழக விடுமுறையில் நின்றேன். சடங்குக்கு வரக்கூடிய சிறுவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போய், ஊசி பதிந்த அட்டையை, கிளினிக் காட்டைக் கேட்டேன்.

"சாதகம் பாத்துக் கேள்விப்பட்டிருக்கிறன். ஊசி பாத்துச் சடங்குக்குச் சொல்லுறதை இப்பதான் பாக்கிறன்," என்றார் பக்கத்து வீட்டு மாமி. ஆனாலும் அலுமாரியைத் திறந்து காட்டை எடுத்துத் தந்தார். எல்லாம் சரி. மற்ற வீடுகளிலும் சரி.

பின்னேரம் மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஊரின்ர காட்டெல்லாம் பாத்தாய். உங்கட மூத்தவளின்ர?"

அக்காவின் மூத்த மகளின் காட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை வயது ஊசிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தக் கிளினிக் நாளில் வீட்டில் கொப்புளிப்பான் அம்மை. அம்மாள் நிற்கிற வீட்டில் ஊசி, மருந்து என்று கதைப்பதில்லை. பிறகு அது மாறி, தலைக்குத் தண்ணீர் வார்த்தோம். ஊசியை எல்லோருமே மறந்துவிட்டோம். அன்று வாசல் படலையில் வேப்பிலை கட்டியது நான்தான்.

மூத்தவள் மூன்று நாளாக இருமிக்கொண்டு திரிந்தாள். தம்பியின் தொட்டிலுக்குள் தலையை விட்டுத்தான் கொஞ்சுவாள்.

அக்கா தொட்டிலை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "வெறும் சளி, தடிமன்தான். காய்ச்சல் இல்லை, ஊசியைப் போடலாம். ஆனா இது உடன வேலை செய்யாது. இருமல் நிக்குமட்டும் தம்பிக்குக் கிட்ட விடாதேங்கோ."

"ஓம் டொக்டர்," என்றேன்.

காட்டில் எழுதிக்கொண்டிருந்த மருத்துவமாது என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி வாத்த கையோட வந்திருக்கலாமே, பிள்ளை?"

நான் காட்டை வாங்கிக் கொப்பிக்குள் வைத்தேன்.

முப்பத்தொன்றன்று ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் முற்றத்தில் நின்றார்கள். என் கொப்பியில் கோடு போட்டு வெட்டியிருந்த ஒரே பெயர் எங்கள் வீட்டு மூத்தவளின் பெயர். இன்னமும் இருமிக்கொண்டிருந்தவளை மாமி தன் வீட்டில் வைத்துக்கொண்டு, வேலிக்கு மேலால் தூக்கிப் பிடித்தார். அக்கா யன்னலடியில் தம்பியைத் தூக்கிக் காட்டினாள். அவன் நித்திரை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.