அண்ணார் அனுப்பவிடாத மனு

என் தமையனார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் அவருடைய பெருமைகளையே எதிர்பார்ப்பீர்கள். அவை பொய்யல்ல. போடிநாயக்கனூரில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு குரங்கணி மலையேறி, ஏலக்காய் வியாபாரத்தில் தலைநிமிர்ந்தவர். தங்கைமார் மூவரையும் கரையேற்றினார். யாரிடமும் கையேந்தியதில்லை. அந்தக் கடைசிப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

மலைத் தோட்டத்துத் துரைமாரோடு பழகி அவர் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார். சந்தையைச் சும்மா விட்டாலே போதும், சர்க்கார் தலையிட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்பார்.

முதல் மகாயுத்தம் முடிந்த சமயம் மழை பொய்த்து, அரிசி கிடைப்பது அரிதாயிற்று. பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துக் குடியானவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கட்டுப்படியான விலையில் சர்க்காரே அரிசிக்கடை திறக்க வேண்டுமென்று தாசில்தாருக்கு மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். எல்லோரும் கைநாட்டு வைத்து முடிக்கும்போது அண்ணார் உள்ளே வந்தார்.

“எதுக்கப்பு சர்க்கார் கால்ல போயி விழுகுறீக? வெலை ஏறுனா அரிசி தானா வெரசா வந்து சேரும். சும்மா இருங்க.”

“அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க, அண்ணே?” என்று கேட்டார் முத்தாயி. கணவரை இழந்தவர்.

“கையி காலு இருக்குல்ல, ஆத்தா. பிச்சைக்காரவுகளா நம்ம?”

 உரிமையென்று கேட்க வந்தவர்கள் கூசிப்போய்த் திரும்பினார்கள். மனுவை மடித்துப் பெட்டியில் வைத்தவன் நான்.

அரிசி வந்தது, வண்டி வண்டியாக வந்தது. எங்கள் தெருவிலேயே பொதிமாடுகளில் ஏற்றப்பட்டு, கூடுதல் விலை கொடுத்த மலைத் தோட்டங்களுக்குப் போயிற்று. ஏற்றிவிட்டவர் அண்ணார். அந்த மாதம் முத்தாயியின் இளைய மகள் இறந்துபோனாள்.

 அண்ணாருடைய பேச்சு ராசிங்காபுரத்தில் தங்கிவிட்டது. பின்னொரு வருஷம் அங்கே கண்மாய்க்கரை உடைந்தபோது, மனு எழுதட்டுமா என்று அந்தக் குடியானவர்களைக் கேட்டேன். “சர்க்காரை எதுக்குக் கேக்கணும்? அவுகவுக பாட்டை அவுகவுக பாப்போம்” என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி நாட்களில் அண்ணாருக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. அந்த மனுவை எடுத்துவரச் சொல்லி, கைநாட்டுகளை விரலால் தடவினார். “அனுப்பியிருக்கலாம்டா தம்பி” என்றார்.

மருந்து தந்த வைத்தியருக்கும், இறுதிவரை உடனிருந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. ராசிங்காபுரத்திலிருந்து இறுதிச் சடங்குக்கு நடந்தே வந்தவர்களுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முத்தாயியும் வந்திருந்தார். தம் வீட்டு அரிசியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அண்ணாருக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போனார்.