காலடிக்கு வந்த இறைச்சிப் பை

சுவிஸின் எல்லை ஊரான கிரொய்ட்ஸ்லிங்கனில் இருக்கிற எங்கள் பெண்களுக்குச் சனிக்கிழமை என்றால் ஜேர்மனிதான். எல்லை என்று பெயரே தவிர, வீதியைக் கடந்தால் அடுத்த நாடு. அங்கே இறைச்சி மலிவு. ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் சொல்லி வரி கட்டவேண்டும். நாங்கள் எங்கே சொன்னோம்!

என்னைக் காரில் கூட்டிப்போகிறவர் பக்கத்து வீட்டு அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. சண்டைக் காலத்தில் வன்னியில், ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அண்மையில் ஒரே ஊரில் இருந்தோம். அந்தச் சாவடியைத் தாண்டி பற்றரி கொண்டுபோகத் தடை. ஒருமுறை என் பையில் ஆமிக்காரி பற்றரியைக் கண்டுவிட்டாள். "அது என்ரை. இவ சும்மா தூக்கிக்கொண்டு வந்தவ" என்று முன்னால் வந்து நின்றவர் இந்த அக்கா. அன்று பொழுதுபடும்வரை அவரை மறித்துவைத்திருந்தார்கள். அவருக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

போன வருடம் அவருடைய மகனின் பிறந்தநாளுக்குப் பை நிறைய ஆட்டிறைச்சி வாங்கினார். நான் வாங்கியது சவர்க்காரம் மட்டும். சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு சின்னத் தண்டமும் வந்துவிடக் கூடாதென்று பயந்து பயந்து திரிந்த காலம் அது. ஊர் ஊராகத் துரத்தப்பட்டவள் நான். இனி யாரும் எழும்பிப் போ என்று சொல்லாத ஓர் இடம் எனக்கு வேண்டும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லைக்குக் கிட்ட வந்ததும் பையைப் பின்னால் இருந்த என்னிடம் தள்ளினார்.

"காலடியிலை வை பிள்ளை, முன்னுக்கு இடமில்லை."

சுங்க அதிகாரி மறித்து, பை யாருடையது என்று கேட்டார். அக்கா திரும்பியும் பார்க்காமல் நல்ல சுவிஸ் டொச் மொழியில், அது பின்னால் இருக்கிற இவளுடையது என்று சொன்னார். நான் இல்லை, இல்லை என்றேன். என் அரைகுறை டொச் அங்கே எடுபடவில்லை. தண்டத்தை என் பெயரில் எழுதி, இறைச்சியைத் திருப்பித் தந்தார்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் முன் சீட்டைப் பார்த்தேன். அவருடைய கைப்பையைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இறைச்சிப் பையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"கோவிக்காதை பிள்ளை. மகன் பொலிஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு குற்றப் பதிவும் இருக்கக் கூடாது. உனக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கேல்லைத்தானே. உனக்கு இதாலை என்ன நட்டம்?"

சொல்லிக்கொண்டே இறைச்சிக்குக் கையை நீட்டினார்.

"நாளைக்கு வேளைக்கே வா. வெங்காயம் வெட்ட ஆளில்லை."