படியில் விட்ட செருப்பு

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். கல்யாணமா, பதவி உயர்வா என்று கேட்டால், கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதாம். சிரிக்காமல்தான் சொன்னாள். நானும் சிரிக்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பிள்ளை பிறந்தால் கொடுக்கிற பண்டத்தை, அடுத்தவன் வீட்டில் பதினோரு மாதம் குடியிருக்க அனுமதி கிடைத்ததற்குக் கொடுக்கிறோம். நீங்களும் வாடகை வீட்டில் இருந்தவர் என்றால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

நெய் வாசனை என்றாலே எனக்கு எங்கள் பழைய ஹவுஸ் ஓனர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அதே கூடுவாஞ்சேரிதான், ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது, சிறுசேரியில் வேலை. அந்த வேலைக்கு என்னைக் கேட்ட கேள்விகளைவிட வீட்டுக்கு அவர் கேட்டவை அதிகம். பொங்கல் சாப்பிட்ட நெய்க்கையோடு என் கம்பெனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்த ஊர் எது என்றார். மதுராந்தகம் பக்கம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் மேற்கொண்டு சொல்லவில்லை. இப்படித்தான் மாடியில் இருந்த மூன்று போர்ஷன்களில் ஒன்றில் நாங்கள் குடியேறினோம்.

மனுஷனுக்குச் சட்டம் போடுவதில் அப்படி ஒரு ருசி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இருட்டினால் மிக்ஸி ஓடக் கூடாது. மொட்டை மாடியில் துணி காயப்போட அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர் படுக்கையறையில் இருந்தது. அவருக்கு யார்மேலாவது கோபம் என்றால் அன்று அந்த போர்ஷன்காரர்கள் குளிக்க மாட்டார்கள். ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் கணக்கு அவரை விடவில்லை. தினமும் காலையில் பேப்பர் எடுக்க வரும்போது, படிக்கட்டின் கீழே கிடக்கும் செருப்புகளைக் குனிந்து எண்ணுவார். ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்களைவிட ஒரு ஜோடி கூடினாலும் விசாரணைதான். விருந்தாளி யார், எப்போது கிளம்புகிறார், எத்தனை வாளி தண்ணீர் செலவாகும்?

இதற்கு ஒரு வழியைப் பக்கத்து போர்ஷன் டீச்சர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். துணிக்கடையில் கொடுக்கிற கட்டைப்பை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியது. யாராவது வந்தால் படியின் கீழேயே செருப்பை அதில் போட்டு, மேலே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டியது. படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள், வாடகையைத் தேதி தவறாமல் கொடுக்கிறவர்கள். நாங்கள் மூன்று குடும்பமும் செருப்பு கடத்திக்கொண்டிருந்தோம். அந்தத் தொழிலில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்றுகூடப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு ஏழு மாதம். மாசமாக இருக்கும்போது வீடு மாற்றக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அவளுக்கு உண்டு. நம்பிக்கையை விடுங்கள், வயிறு தெரிகிற பெண்ணோடு போய் வீடு கேட்டால் எந்த ஓனரும் கதவைக்கூட முழுசாகத் திறக்க மாட்டான். ஆகவே பிரசவம் முடிகிற வரைக்கும் எப்படியாவது இந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு அப்போது வேறு கவலையே இல்லை. மனைவிக்கு அம்மா இல்லை. செங்கல்பட்டில் நர்ஸாக இருந்த என் அக்கா லீவு போட்டுவிட்டு, கூட இருக்க வந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை அழைத்து வந்து, படியின் கீழே வழக்கம்போல் கட்டைப்பையை விரித்தேன்.

"இன்னாத்துக்குடா பை?"

விஷயத்தைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் தாத்தா, ஊர்த் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அன்று அதுதான் சட்டம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கட்டைப்பைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை, பாருங்கள்.

"செருப்பக் கையில தூக்கினு போறதெல்லாம் தாத்தாவோட போச்சுடா. இது நான் சம்பாரிச்சு வாங்கனது. இங்கதான் கெடக்கும்."

கழற்றி, கீழ்ப்படியின் நட்டநடுவில் விட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள். மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு அக்காமேல் ஆத்திரம். அவள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஓனர் படியடியில் நின்று குரல் கொடுத்தார். நான் போவதற்குள் அக்கா போய்விட்டாள்.

"யார் செருப்பும்மா இது?"

"என்னுதுதான். தம்பி பொண்டாட்டியப் பாத்துக்க வந்துக்கீறேன்."

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள்.

"அங்க எந்தத் தெரு?"

"தெரு இல்ல சார், காலனி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி இத சொல்லவே இல்லியே."

"அவன நீங்க கேக்கல. என்னக் கேட்டீங்க, சொல்ட்டேன்."

அன்று எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மாலையில் மேலே ஏறாமல் கீழிருந்தே சொன்னார்: அமெரிக்காவிலிருந்து பையன் வருகிறான், வீடு வேண்டும், மாசக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷன். காலி செய்த மறுவாரமே கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. நாங்கள் சாமான் ஏற்றும்போது டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மனைவி வேனில் அழுதபடியே வந்தாள். செங்கல்பட்டில் அக்காவின் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். வீடு மாற்றியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள், நல்ல எடை, நல்ல குரல். ஆனாலும் அந்த ஒரு மாதம் மனைவி பட்ட பயத்துக்கு நான் அந்த ஆளை மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பதாகவும் இல்லை.

பழைய வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் கண் கலங்குவார்கள். எனக்கு வரவில்லை, மன்னிக்க வேண்டும். ஓனர் போய்ச் சேர்ந்து, அடுக்குமாடிக்காக அந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று போன வருஷம் கேள்விப்பட்டதும், லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். எதிரே டீக்கடையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"இட்ச்சிகினு கீறாங்களா?" என்றாள்.

"ஆமாக்கா. மோட்டார் சுவிட்ச் இருந்த ரூம்பு, முன்பக்கம், எல்லாம் போயிடுச்சு."

"படி?"

"அது இன்னும் கீது."

"இரு. வெச்சிடாத."

பொக்லைன் ஓட்டுநர் அந்த நேரம் பார்த்து நாஸ்தாவுக்கு இறங்கிவிட்டார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன். பரவாயில்லை, இருக்கிறேன் என்றாள். அவர் இட்லி தின்று, கை கழுவி, யாரிடமோ கதை பேசிவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அக்கா லைனிலேயே இருந்தாள். பிறகு எந்திரம் உறுமியது. இரண்டு தட்டில் படிக்கட்டு மொத்தமாகச் சரிந்தது.

"கேட்டுதாக்கா?"

"கேட்டுது" என்றாள். பிறகு, சாயங்காலம் எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.