ஐந்தடி நிழல்

“1956 பிப்ரவரி 2, வியாழன். மேல்மடைக்குத் தண்ணீர் நான்கு மணி நேரம் இரண்டு நிமிடம். கடைமடைக்கு மூன்று மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். மதகுக்காரர் மேல் சந்தேகம்.”

என் குறிப்பேட்டில் இருக்கும் வரிகள் இவை. கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பாகூருக்குத் தெற்கே எங்கள் ஊர் ஏரிக்கு ஒரே மதகு. அதை ஒட்டிய நிலம் மேல்மடை, அடுத்தது நடுமடை, கடைசியில் கடைமடை. பகல் மூன்று முறையாகப் பிரியும். ஒரு முறைக்கு ஒரு மடை. மதகுக்காரர் கடிகாரம் பார்ப்பதில்லை. வெயிலில் நின்று தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளப்பார். விடிந்தது முதல் நிழல் ஐந்தடியாகச் சுருங்கும் வரை முதல் முறை. உச்சி தாண்டி மறுபடி ஐந்தடியாக நீளும் வரை இரண்டாவது, அதாவது நடுமுறை. அதன்பின் பொழுது சாயும் வரை மூன்றாவது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. அவர்கள் பக்கம் நின்றவர் யார், இணைப்புக்குக் கொடி பிடித்தவர் யார் என்ற பேச்சு ஊரில் ஓயவில்லை. மேல்மடைக்காரர்கள் முதல் வகை, நாங்கள் இரண்டாம் வகை. என் அரைக் காணி கடைமடையில் இருந்தது. ஆகவே, மதகுக்காரர் எங்களை வஞ்சிக்கிறார் என்று யாரோ சொன்னதும் நம்பிவிட்டேன். நான் பள்ளி ஆசிரியர்; ஊரில் கைக்கடிகாரம் வைத்திருந்தவன். பழைய ஆட்சியின் வழக்கப்படி எங்கள் பள்ளிக்கு வியாழனும் ஞாயிறும் விடுமுறை. வியாழன் ஏரிக்கரையில் உட்கார்ந்து நேரம் குறித்தேன். ஞாயிறும் குறித்தேன். இரண்டு நாளும் கடைமடைக்கு நடுமுறை. இரண்டு நாளும் ஏறக்குறைய அரை மணி குறைவு.

அன்று மாலையே மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். நான் குறிப்பேட்டை வாசித்தேன்.

“இன்னாபா இது? வாத்தியாரு எழுதியே வெச்சிகிறாரு!”

“கடியாரம் வாங்கிக் கட்டு. இல்லன்னா மதக வுட்டுட்டுப் போ.”

மதகுக்காரர் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றார். அறுப்பில் களத்து நெல்தான் அவருக்குக் கூலி. மதகு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

“கடியாரம்லாம் எனக்கு ஒத்து வராது. அறுப்பு வரிக்கும் என் வழியில வுடுங்க. கடமடையில ஒரு பாத்தி காஞ்சாலும் நானே மதக வுட்டுட்டுப் பூட்றேன்.”

“நெழல வெச்சி ஏமாத்தலாம்னு பாக்குறான்டா!” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அவர் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அந்த நிதானமும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

அறுப்பு வரை தவணை கொடுத்து, தினமும் நேரம் குறிக்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். பள்ளி நாட்களில் கடிகாரத்தோடு என் மனைவி கரையில் உட்கார்ந்தாள். நான் பள்ளி மணியைக் குத்துமதிப்பாக அடிக்கச் சொன்னேன்.

முதல் வாரத்திலேயே என் தவறு பிடிபட்டது. அந்த நாட்களில் நடுமுறை எந்த மடைக்கு வந்தாலும் மற்ற இரண்டைவிடக் குறைவுதான். மதகுக்காரர் முறையை நாள்தோறும் ஒரு மடை தள்ளி மாற்றிக்கொண்டிருந்தார். இன்று நடுமுறை பெற்ற மடைக்கு நாளை முதல் முறை. மூன்று நாளில் சுற்று முடிந்து மறுபடி அதே வரிசை. வியாழனிலிருந்து ஞாயிறு சரியாக மூன்று நாள். ஒரே வரிசையை இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரு மனிதரைத் திருடனாக்கியிருந்தேன். பங்குனியில் பத்துச் சுற்றையும் கூட்டிப் பார்த்தபோது, மூன்று மடைக்கும் இடையே கால் மணிகூட வித்தியாசம் இல்லை.

குறிப்பேட்டோடு மதகுக்குப் போனேன். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க ரெண்டு நாளு பாத்தீங்க. மூணாம் நாளு பாக்கட்டும்னு வுட்டேன், வாத்தியாரே.”

அந்தக் கணக்கைக் கோயில் முன்னால் நானே வாசித்தேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. கடைமடையில் ஒரு பாத்திகூடக் காயவில்லை. மறு வருடம் பக்கத்து ஏரிக்காரர்களும் தங்கள் மதகை அவரிடமே கொடுத்தார்கள். கடிகாரப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

ஆனால் குறிப்பேடு வேறொன்றையும் காட்டுகிறது. அந்த மாதத்தில் நான்கு நாள் மேகமூட்டம், நிழலே விழவில்லை. அந்த நாட்களிலும் முறை மாறிய நேரம் தப்பவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, “காலுக்குத் தெரியும்” என்றார்.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த அவர் தம்பி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பியதாக ஊரில் பேச்சு உண்டு. மேகம் கவிந்த நாளொன்றில், அவர் புளியமரத்துக்குப் பின்னால் திரும்பி நின்று மடியை அவிழ்த்து எதையோ பார்த்ததாக என் மனைவி சொல்கிறாள். வெற்றிலைச் சுருக்குப்பையாகவும் இருக்கலாம் என்று அவளே சேர்த்துக்கொள்கிறாள். கடிகாரத்தை நேரில் கண்டவர் ஒருவரையும் நான் கண்டுபிடிக்கவில்லை. இதை எழுதும் 1962 வரை விசாரித்தும் இது உறுதிப்படவில்லை.