குண்டு விழுந்த ஊர்

நான் ஐம்பது கிலோகூட இல்லை. ஆனாலும் பள்ளியில் எனக்குப் பெயர் குண்டு டீச்சர். காரணம் என் ஊர். கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி. சிதம்பரத்துப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்க வந்த முதல் நாள், கணக்கு வாத்தியார் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அன்றோடு என் பெயர் போனது.

வருடா வருடம் எட்டாம் வகுப்பைச் சென்னையில் பழைய கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது என் பிடிவாதம். பீரங்கி, வாள், துப்பாக்கி, சிப்பாய்ச் சட்டை. பசங்களுக்கு அதில் பிடித்தது பஸ்ஸும் புளிச்சோறும்தான். தெரியும். அதற்காக விட்டுவிடுவேனா?

இந்த வருடம் எச்.எம். பஸ் படியிலேயே வழிமறித்தார்.

"அடுத்த வருசம் தீம் பார்க் டீச்சர். பெத்தவங்க அதத்தான் கேக்கறாங்க. திரும்பி வர்றப்ப பசங்களக் கை தூக்கச் சொல்லுங்க. பாதிப் பேராவது மியூசியத்துக்குத் தூக்கினா உங்க இஷ்டம். இல்லன்னா இத்தோட விட்டுடணும்."

"தூக்குவாங்க" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் கொட்டாவி ஆரம்பித்துவிட்டது. அப்போது கிள்ளையிலிருந்து வரும் ஒரு வாயாடிப் பெண் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று கத்தினாள்.

"டேய், ஓடி வாங்கடா! டீச்சரு ஊரு இங்க இருக்கு!"

இரும்புக் குண்டுகள். கீழே 'பீரங்கிக் குண்டு' என்று எழுதியிருந்தது. மொத்த வகுப்பும் சிரித்தது. துணைக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருடமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. பெயரைக் கேட்டதும் பல்லைக் காட்டுகிறவர்களுக்கு விளக்கம் ஒரு கேடா என்று விட்டிருந்தேன். அன்று விடவில்லை.

"ஆமா, எங்க ஊருதான். வாய மூடிட்டுக் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வெள்ளைக்காரன் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் அவனுக்கு? சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பீரங்கியால் சுட்டான். குண்டு போய் விழுந்த தூரம் வரை அவன் நிலம். அதற்குள் மாட்டிய ஊர்களெல்லாம் குண்டு கிராமம். எங்கள் ஊர்ப் பெயரில் குண்டு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப வயல்ல நின்னவங்க டீச்சர்?"

"கடல்ல சுட்டிருந்தா மீனெல்லாம் அவனுக்கா?" இது கிள்ளைக்காரி.

"நல்லவேள, பரங்கிப்பேட்ட வரைக்கும் வரல. குண்டு பரங்கிப்பேட்டைன்னு எழுத பஸ் போர்டுல எடம் பத்தாது" என்றான் அந்த ஊர்ப் பையன்.

"இன்னும் கொஞ்சம் பெரிய பீரங்கியா இருந்தா நம்ம சாரும் குண்டு சார்தான்" என்றான் இன்னொருத்தன்.

கிள்ளைக்காரி கணக்கு வாத்தியாரின் தொப்பையைப் பார்த்தாள். "சாருக்குப் பீரங்கியே வேணாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் காவலர் வந்து என்னைத்தான் அதட்டினார்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை. ஒவ்வொரு பீரங்கியாகப் போய், "இது எவ்ளோ தூரம் போவும் சார்?" என்று அந்தக் காவலரைப் பிய்த்து எடுத்தார்கள். புளிச்சோறு மறந்துபோனது.

திரும்பும் வழியில் என் ஊரைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒரே கூச்சல். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸை உள்ளே திருப்பினார். வெளிச்சம் இருக்கும்போதே ஊர்ப் பலகைக்கு முன்னால் இறங்கிவிட்டோம். தெரிந்த பள்ளத்தையெல்லாம் காட்டி, "இங்கதான் வுழுந்துருக்கும்" என்று சண்டை போட்டார்கள். போன வாரம் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தையும் விடவில்லை.

பலகைக்குக் கீழேயே நின்று கேட்டேன். "அடுத்த வருசம் எட்டாவதுக்கு தீம் பார்க்னா கை தூக்கு."

எல்லாக் கையும் மேலே. நன்றிகெட்டதுகள்.

"எறக்குங்க" என்றேன்.

"எதுக்கு எறக்கணும்?" என்றாள் கிள்ளைக்காரி. "மியூசியத்தையும் கேளுங்க. இன்னொரு கை சும்மாதான இருக்கு?"

கேட்டேன். முப்பத்தெட்டுப் பேரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

கணக்கு வாத்தியார் தலைகளை எண்ணிவிட்டு எச்.எம்.முக்குப் போன் போட்டார்.

"சார், பாதி இல்ல. மொத்தமும் தூக்கிட்டாங்க."

"தீம் பார்க்குக்கா?"

"அதுக்கும்தான் சார்" என்றார்.