அழுத வாய்க்கு உப்பு

அப்பா தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார். அவர் செத்த அன்றைக்கு என் தம்பி தெருமுனையில் கட்டிய பிளெக்ஸில் அந்த வயது பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் அப்பா துப்பாக்கியோடு நின்றார். தலை மட்டும்தான் அவருடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு ராணுவக்காரரின் உடம்பைப் போட்டோ கடையில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா பட்டாளத்தில் பதினைந்து வருடம் சமையல்காரராக இருந்தார். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைத்ததெல்லாம் அவர் பெற்ற பிள்ளைகளாகிய நாங்கள்தான்.

கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தபின் அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் காவல் வேலை. ஆனால் தெருவில் அவரை எல்லாருக்கும் தெரிந்தது வேறொன்றுக்காக. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார்தான் சோறு போட வேண்டும். அப்பாவை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. கொட்டுச் சத்தம் கேட்டதும் சைக்கிள் கேரியரில் பெரிய செம்பு அண்டாவைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வேப்பமரத்தடியில் மூன்று கல்லைப் போட்டு, அரிசியும் பாசிப்பருப்பும் இஞ்சியும் போட்டுக் கிச்சடி கிண்டுவார். உப்பு போடும்போது மட்டும் பக்கத்தில் யாரையும் விடமாட்டார்.

"அழுத வாயிக்கு உப்புத் தெரியாதுட்டி. ஒரு கை கூடப் போடணும்" என்பார். பனிமலையில், செத்தவனைத் தூக்கி வந்தவர்களுக்குச் சோறு போட்டுக் கற்றுக்கொண்ட கணக்காம் அது.

எதிர்வீட்டு அக்காவின் புருஷன் கயத்தாறு பக்கம் லாரி மோதிச் செத்தபோது, இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்து ஊட்டிவிட்டவர் அப்பா. என் அம்மா செத்தபோதும் அவரேதான் உலை வைத்தார். பெண்டாட்டி பிணம் உள்ளே கிடக்க இவர் கரண்டியைப் பிடிக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அன்றைக்குக் கிச்சடி வாயில் வைக்க முடியாத கரிப்பு. பாதிப் பேர் இலையை மூடிவிட்டார்கள். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சரியாத்தான இருக்கு" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை முடக்கிப்போட்டது நான்தான்.

என் மகளுக்கு ஒரு பெரிய இடத்தில் மாப்பிள்ளை பார்த்தோம். அவர்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்த நேரத்தில் அப்பா சாவு வீட்டிலிருந்து கரியும் வேர்வையுமாக வாசலில் வந்து நின்றார். அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது. தீட்டோடு உள்ளே வரக்கூடாதென்று கொல்லைப்பக்கம் போய்விட்டார். "இவியதான் பட்டாளத்துல இருந்தாவளா?" என்று கேட்டு மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்குக் கோபம் அவள் மேல் வந்திருக்க வேண்டும். அப்பா மேல் வந்தது.

சண்டை போட்டுத் தடுத்தால் கேட்கிற ஆள் இல்லை அவர். அதனால் தந்திரமாக ஒரு காரியம் செய்தேன். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, அப்பா பெயரையும் 'முன்னாள் ராணுவ வீரர்' என்பதையும் வெட்டச் சொல்லி, தெரு அம்மன் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். சாமி பாத்திரமாகிவிட்டால் பிறகு சாவு வீட்டுத் தீட்டில் அதை வைக்க முடியாது. யாரும் திருப்பிக் கேட்கவும் முடியாது. கோயிலில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா பொன்னாடையை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நல்ல யோசனைதாம்ட்டி. இனிமே அது சாவு வீட்டுக்கு வராதுல்லா."

இரவல் பாத்திரம் கேட்டுக்கூட அவர் எங்கும் போகவில்லை. என் மனசு அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு எட்டு வருடம் இருந்தார். அடேயப்பா, என்ன ஆயுசு என்று ஊரே மெச்சியது. அந்த எட்டு வருடமும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன். கொட்டுச் சத்தம் கேட்டால் கைப்பிடியை ஊன்றி எழுந்திருப்பார். கொஞ்சம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"யாரு உலை வைக்கா?"

"ஓட்டல்ல பார்சல் சொல்லியிருக்காவளாம்பா."

"உப்பு?"

நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாசி மாதம் படுக்கையில் விழுந்தபின் ஒருநாள், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி. என் சாவுக்கு யாராவது நம்ம தெருவுல உலை வச்சாப் போதும்" என்றார். "என்ன பேச்சுப்பா பேசுதீங்க" என்று அதட்டினேன். வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் செத்த அன்று காலையில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, மாமா அண்டா கோயில்லதான கெடக்கு. எடுத்தாரச் சொல்லு, நான் பொங்குதேன்" என்றாள். தெருவில் பிணம் கிடப்பதால் கோயில் நடை சாத்தியிருந்தது. திறந்திருந்தாலும் தரமாட்டார்கள். அதற்காகத்தானே கொடுத்தேன். "வேற அண்டா வாங்கியாரட்டா?" என்றாள். அதற்குள் தம்பி, "எதுக்குக்கா சிரமம், நூறு பார்சல் சொல்லியாச்சு" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

யாரும் பெரிதாக அழவில்லை. கல்யாணச் சாவு என்று சொல்லிக்கொண்டார்கள். என் மகள் வெளிநாட்டிலிருந்து போனிலேயே பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா மட்டும் வந்ததிலிருந்து அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்ததும் பந்தலில் வைத்துப் பார்சலைப் பிரித்தோம். சாம்பார் சாதம். "சாப்பாடு நல்லாருக்கு, என்ன மதினி?" என்றாள் தம்பி மனைவி. நல்லாருக்கு நல்லாருக்கு என்று வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு வாய் வைத்தாள். அதை விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல உப்பே போடலியா?"

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். எனக்கு உப்புச் சரியாக இருந்தது.